ரென்ஸ் கருவி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

தோலில் ஒட்டிய மின்வாய்கள் வழியாக மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி, நரம்பைத் தூண்டி நோவைக் குறைக்க உதவும் ரென்ஸ் (TENS) கருவி இன்று யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கிறது. சிலர் இயன்மருத்துவர் சொல்லி வாங்கியிருப்பார்கள். பலருக்கு அது ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பிய பொதியில், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்து சேர்ந்திருக்கும். நான் சுன்னாகத்தில் மின்னணுப் பொருட்கள் திருத்துபவன், வைத்தியன் அல்லன். பழுதென்று சொல்லி என் மேசையில் வைக்கப்படும் ரென்ஸ் கருவிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்க்கவே தேவை இருப்பதில்லை என்பதனால்தான் இக்குறிப்பை எழுதுகிறேன். தோலில் ஒட்டும் மின்வாயை எல்லோரும் ‘பாட்’ என்று அழைப்பதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

எதைச் சோதிப்பதற்கும் முன்னர், கருவியைப் பொருத்தவே கூடாத நிலைகளை விலக்கிவிட வேண்டும். பேஸ்மேக்கரோ இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் வேறு கருவியோ உடலுள் பொருத்தப்பட்டவர்கள் தம் இதய வைத்தியரின் அனுமதியின்றி இதனைத் தொடக்கூடாது. கழுத்தின் முன்புறத்தில் பாட் ஒட்டக்கூடாது. இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும் நரம்பு முனைகள் அங்கே உள்ளன. மார்பின் குறுக்காகவும், கண்ணின் மேலும், கர்ப்பிணியின் வயிற்றிலும், புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கும் காலிலும், புண்ணிலும், வலிப்பு உள்ளவரின் தலையிலும் கழுத்திலும் ஒட்டக்கூடாது. வாகனம் ஓட்டும்போதும், குளிக்கும்போதும், நித்திரை கொள்ளும்போதும் கருவி உடலில் இருக்கக்கூடாது. நெஞ்சு நோவுக்கோ, சிறுநீர் போவது திடீரெனத் தடைப்பட்டு நாரி நோவும் கால் விறைப்பும் சேர்ந்து வந்ததற்கோ ரென்ஸ் கருவியைத் தேடுபவர் நேரத்தை வீணாக்குகிறார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியில் வைத்தியசாலைக்குப் போவதே அங்கே செய்ய வேண்டிய வேலை.

விளக்கு எரிகிறது, உடலில் ஒன்றும் தெரியவில்லை

“தம்பி, லைற் எரியுது, ஆனா ஒண்டும் தெரியேல்லை” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. முதலில் வலிமையைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, நோவுள்ள இடத்திலிருந்து பாட்களைக் கழற்றி, முன்கையின் உட்புறத்தில் சுமார் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டையும் ஒட்டி, வலிமையை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். முன்கையில் உணர்வு நன்றாக இருப்பதால் இது நல்ல சோதனைக்களம். அங்கே கூச்சம் தெரிந்தால் கருவி நலமாக இருக்கிறது. பிழை நீங்கள் முன்னர் ஒட்டிய இடத்தில் உள்ளது.

முன்கையிலும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. வயரை மற்றத் துளையில் செருகுங்கள். அதனால் வேலை செய்தால் முதல் துளை பழுது. மாற்றமில்லையெனில் வேறு வயரை எடுங்கள். வயர்கள் பெரும்பாலும் பாட்டின் ஊசி நுழையும் இடத்துக்கு அருகிலோ கருவிக்குள் செருகும் முனையிலோ உள்ளே அறுந்திருக்கும்; மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வயரைப் பிடித்து இழுத்துப் பாட்டை உரிக்கும் பழக்கமே இதற்குக் காரணம். பன்மானி (மல்ரிமீற்றர்) வைத்திருப்பவர்கள், கருவியிலிருந்து முற்றாகக் கழற்றிய வயரின் தொடர்ச்சியை அளந்து, அளக்கும்போது வயரை மெல்ல வளைத்தும் பார்க்கலாம். ஆனால் அதே பன்மானியைக் கருவியின் வெளியீட்டில் வைத்து ‘கரண்ட் வரவில்லை’ என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு துடிப்பின் அகலம் 100 மைக்கிரோ செக்கன் என்றும் செக்கனுக்கு 100 துடிப்புகள் என்றும் வைத்துக்கொண்டால், மின் ஓடும் நேரம் முழு நேரத்தின் நூறில் ஒரு பங்குதான். சாதாரண மானிக்கு அது ஏறத்தாழப் பூச்சியமாகத் தெரியும். இதைச் சரியாகப் பார்க்க 500 அல்லது 1000 ஓம் தடையைக் குறுக்கே போட்டு அலைகாட்டியில் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிவது பற்றரி நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. விளக்குக்கு அற்ப மின் போதும். தோலின் தடையைத் தாண்டுவதற்குக் கருவி பற்றரியின் 9 வோல்ற்றைப் பல மடங்காக உயர்த்த வேண்டியிருப்பதால், களைத்த பற்றரி முதலில் தோற்பது அங்கேதான். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுக்கும் அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இந்தக் கருவிக்கு அது உதவாது. புதிய பற்றரி போட்டுப் பார்த்த பின்னரே மற்றதை யோசியுங்கள்.

வலிமையை ஏற்ற ஏற்ற அது தானாகப் பூச்சியத்துக்கு விழுந்தால் அது பெரும்பாலும் கருவியின் பழுதன்று. பாட் தோலில் சரியாகப் படவில்லை என்பதைக் கருவி உணர்ந்து தன்னை அடக்கிக்கொள்கிறது.

குத்துகிறது, எரிகிறது, எறும்பு கடிப்பது போல இருக்கிறது

இதற்கான காரணம் பெரும்பாலும் காய்ந்த பாட், அல்லது ஓரம் கிளம்பிய பாட். பல கருவிகள் தடை எவ்வளவாக இருந்தாலும் நீங்கள் குறித்த அளவு மின்னோட்டத்தையே செலுத்துமாறு அமைக்கப்பட்டவை. பாட்டின் பாதி உரிந்து நிற்கும்போது, முழுப் பாட்டினூடாகப் பரவிப் போக வேண்டிய ஓட்டம் எஞ்சிய பாதிக்குள் நெருக்கிக்கொண்டு நுழைகிறது; ஆகவே அந்தச் சிறு இடத்தில் குத்துகிறது. ஆகையால் குத்தும்போது வலிமையைக் குறைப்பது அரைத் தீர்வுதான். பூச்சியத்துக்கு இறக்கி, பாட்டை எடுத்து, அதன் பசைப்பக்கத்தைப் பாருங்கள். மங்கி, தூசும் தோலும் மயிரும் ஒட்டியிருந்தால், விரல் நுனியில் ஒரு துளி நீர் தொட்டுத் தடவி, சில நிமிடம் விட்டுப் பசை திரும்புகிறதா என்று பார்க்கலாம். கிணற்று நீரே போதும். ஏறத்தாழ 20 முதல் 30 தடவை பயன்படுத்திய பாட்டுக்கு இந்த வைத்தியமும் பலிக்காது, மாற்றிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு தனிக்காரணம் உண்டு. நாரி நோ என்றால் முதலில் கை போவது எண்ணெய்ப் போத்தலுக்கு. நல்லெண்ணெயோ தைலமோ களிம்போ தேய்த்துச் சூடு பறக்க உருவிவிட்டு, பலன் போதாதென்று அதன் மேலேயே பாட்டை ஒட்டுவார்கள். எண்ணெய் மின்னைக் கடத்தாது, பசையையும் கெடுத்துவிடும். எண்ணெய் வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரென்ஸ் முடிந்த பின்னர் தேய்த்துக்கொள்ளுங்கள். பாட் ஒட்டும் முன் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, முற்றாகத் துடைத்து, பங்குனி சித்திரை வெயில் காலமாயின் வியர்வை அடங்கும்வரை மின்விசிறிக்குக் கீழே சற்று இருந்துவிட்டு ஒட்டுங்கள். மயிர் அடர்ந்த இடமாயின் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அவற்றினூடாக எரிவு இன்னும் கூடும்.

ஒரு பாட்டில் மட்டும் கடுமையாகவும் மற்றதில் மென்மையாகவும் இருந்தால், இரு வயர் முனைகளையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். கடுமை பாட்டோடு நின்றால் பாட் பிழை. வயரோடு இடம் மாறினால் பிழையே இல்லை. துடிப்பின் இரு பாதிகளும் ஒரே வடிவில் இல்லாத கருவிகளில் எதிர்முனை, அதாவது வழமையாகக் கறுப்பு முனை, சற்றுக் கூடுதலாகவே உணரப்படும்.

தொடங்கும்போது நன்றாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் மங்குகிறது

நரம்பு ஒரே மாதிரியான தூண்டலுக்குப் பழகிவிடுகிறது. வலிமையை ஒரு படி ஏற்றுங்கள். அல்லது மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பது) துடிப்பகலமும் தாமாக ஏறி இறங்கும் முறையைத் தெரிவுசெய்யுங்கள்.

தசை வெட்டி இழுக்கிறது

முதலில் உங்கள் கையில் இருப்பது ரென்ஸ்தானா என்று பாருங்கள். தசையை இயக்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளும், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய கருவிகளும் ஒரே தோற்றத்தில் வருகின்றன. பொத்தானைத் தவறி அழுத்தினால் முறை மாறிவிடும். ரென்ஸ் முறையிலேயே இருந்தும் தசை இழுத்தால், மீடிறன் செக்கனுக்கு 2 முதல் 4 வரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாழ்ந்த மீடிறனில், தசை மெல்லத் துடிக்கும் வலிமையில் வைப்பது ஒரு முறைதான்; அங்கே துடிப்பு எதிர்பார்க்கப்படுவது. 80 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையில், அதாவது செக்கனுக்கு அத்தனை துடிப்பில், வைத்திருக்கும்போது தசை இறுகினால், பாட் தசைக்கு நரம்பு நுழையும் இடத்தின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நகர்த்தினால் போதும்.

கூச்சம் நன்றாகத் தெரிகிறது, நோ மட்டும் குறையவில்லை

கருவியைத் திருத்துபவனால் தீர்க்க முடியாத முறைப்பாடு இது. எனினும் கூடுதலாகப் படித்ததும் இதைப் பற்றியே. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் வெளியிட்ட கதவுக் கட்டுப்பாட்டுக் கொள்கையின்படி, தொடுகையையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகளில் வரும் நோச்செய்தி முள்ளந்தண்டு வடத்தின் பின்கொம்பு எனப்படும் பின்பகுதியிலேயே தடுக்கப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை உடனே மறுகையால் தேய்த்துவிடுவதும் இதே வழியில்தான் பலன் தருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வோலும் வில்லியம் சுவீற்றும், மின்துடிப்பால் அந்தக் கதவை அடைக்க முடியுமா என்பதைத் தம் உடலிலேயே முதலில் சோதித்து, பின்னர் நோயாளிகளிடத்தில் காட்டினர். இன்றைய கருவியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் முதலாவது சோதனை, வலிமை போதுமா என்பது. இலேசாகப் பூச்சி ஊர்வது போலத் தெரிந்தவுடன் ‘வந்திட்டுது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். வயோதிபர்கள் பயத்தினால் இன்னும் குறைவாக வைக்கிறார்கள். தடித்த இழைகள் போதிய அளவு கிளர்ந்தெழ, உணர்வு பலமாக இருக்க வேண்டும், ஆனால் நோகக்கூடாது. சரியான அளவைக் கண்டுபிடிக்க, தாங்க முடியாதென்று தோன்றும் படிவரை மெல்ல ஏற்றி, அங்கிருந்து ஒரு படி இறக்குங்கள். அந்தப் படியின் இலக்கத்தை எழுதி வைத்து நாளைக்கும் அதே இலக்கத்தில் தொடங்குவது பயனற்றது; தோலின் ஈரமும் பாட்டின் வயதும் ஒவ்வொரு நாளும் மாறுகின்றன.

மறுபுறத்தில், அவ்விடம் முற்றாக மரத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரி வைத்தியர் ஸ்கிறிபோனியஸ் லார்கஸ், வாத நோவுள்ளவரைக் கடற்கரை ஈரமணலில் உயிருள்ள மின் திருக்கையின் மேல், முழங்கால்வரை மரக்கும்வரை நிற்கச் சொன்னார். நாங்கள் திருக்கையைக் கறியாக மட்டும் அறிந்தவர்கள். அந்த அளவு அடி இக்கருவியில் இல்லை, தேவையும் இல்லை.

இரண்டாவது சோதனை, இடம். பாட்கள் நோவுள்ள இடத்தைச் சூழ வேண்டும், அல்லது அந்த நரம்பு போகும் வழியில் இருக்க வேண்டும். நாரிக்கு நான்கு பாட்களை முள்ளந்தண்டின் இருபுறமும் சதையில் ஒட்டுங்கள்; எலும்பு முகட்டின் மேல் ஒட்டினால் பிடிக்காது. வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கி முழங்கால் தேய்ந்தவர்களுக்கு, முழங்காற் சில்லைச் சுற்றி நான்கு. நாரியிலிருந்து கால்வழியே ஓடும் நோவுக்கு ஒன்று நாரியில், மற்றது தொடையின் பின்புறத்தில். அக்கி போட்டு ஆறிய பின் மிஞ்சும் எரிவில், துணி பட்டாலே நோகும் தோலின் மேல் ஒட்டக்கூடாது. அதற்கு மேலே, அதே நரம்பின் வழியில் நல்ல உணர்வுள்ள இடத்தில் ஒட்ட வேண்டும். இரு பாட்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் மின் உடலுக்குள் இறங்காமல் ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு நேரே தாவிவிடும்.

மூன்றாவது, மீடிறனும் மருந்தும். விலங்குச் சோதனைகளில், தாழ்ந்த மீடிறன் மோர்பீன் வேலை செய்யும் அதே ஏற்பிகளின் வழியாகவும், உயர்ந்த மீடிறன் வேறு வகை ஏற்பிகளின் வழியாகவும் செயற்படுவது காட்டப்பட்டுள்ளது. எனவே மோர்பீனோ, அதே வகை நோ மருந்தான ட்ரமடோலோ நெடுநாளாக எடுத்து வருபவருக்கு 2 ஹேர்ட்ஸ் பலிக்காமல் 100 ஹேர்ட்ஸ் பலிக்கக்கூடும். குளிசையை மாற்றத் தேவையில்லை, கருவியில் முறையை மாற்றிப் பார்க்கலாம். கஃபீனும் ரென்ஸின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், கருவியைப் போடும் முன் கடுங்கோப்பி குடிக்கும் வழக்கமுள்ளவர்கள் சில நாள் அதற்குப் பதிலாக மல்லித்தண்ணீர் குடித்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் குறையாவிட்டால், அந்த நோ இந்த வழிக்கு வராத நோவாக இருக்கலாம். சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2016இல் நாரி நோவுக்கு ரென்ஸ் வழங்க வேண்டாம் என்று வழிகாட்டியது. மறுபுறத்தில், 2022இல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மீளாய்வு, ரென்ஸ் ஓடும்போதும் ஓடி முடிந்தவுடனும் நோ குறைவதாகக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை: ஒன்று மாதக்கணக்கில் கிடைக்கும் பலனைக் கேட்கிறது, மற்றது அந்த நேரத்து ஆறுதலை அளக்கிறது.

நிறுத்தியதும் நோ திரும்பிவிடுகிறது

பிழையன்று. கதவைப் பிடித்திருந்த கை எடுக்கப்பட்டதும் அது திறந்துகொள்கிறது. சிலருக்கு ஆறுதல் சில மணித்தியாலம் நீடிக்கும், சிலருக்கு நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். கட்டிலில் படுத்துக்கொண்டு கருவியைப் போடுபவர்கள் அந்த ஆறுதலைக் கூரையைப் பார்த்தே செலவழிக்கிறார்கள். இயன்மருத்துவர் கொடுத்த பயிற்சியைச் செய்யும் நேரத்தில், அல்லது நோவினால் தள்ளிப்போடும் வேலையைச் செய்யும் நேரத்தில் போடுங்கள். என் தாயார் முற்றம் கூட்டும் நேரத்துக்கென்று அதனை ஒதுக்கி வைத்திருக்கிறார். அதைவிடச் சரியான பயன்பாட்டை நான் கண்டதில்லை.

முதல் வாரம் கேட்டது, இப்போது கேட்கவில்லை

ஒரே மீடிறன், ஒரே வலிமை, நாள்தோறும் என்று போனால் உடல் பழகிவிடும். விலங்குகளில் நான்கைந்து நாளிலேயே இது காணப்பட்டது. இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். மீண்டும் தொடங்கும்போது, ஒரு நாள் தாழ்ந்த மீடிறன் ஒரு நாள் உயர்ந்த மீடிறன் என்று மாற்றியோ, இரண்டும் கலந்த முறையிலோ வையுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் பாட்டின் வயதைப் பாருங்கள். ‘பழகிவிட்டது’ என்று வந்த கருவிகள் சிலவற்றில் பழையதாகியிருந்தது பாட்தான்.

கழற்றியதும் தோல் சிவந்து கடிக்கிறது

இளஞ்சிவப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் மறைந்தால் அது இரத்த ஓட்டம் மட்டுமே. பாட்டின் சதுர வடிவம் அச்சுப் பதித்தது போல மறுநாளும் நின்று கடித்தால், அது பசைக்கான ஒவ்வாமை. வேறு வகைப் பசையுள்ள பாட்டுக்கு மாற வேண்டும். புள்ளிப் புள்ளியாகக் கொப்பளித்தால் அது எரிகாயம்; உடனே நிறுத்திவிட்டு, மேலே சொன்ன காய்ந்த பாட் பகுதியைப் படியுங்கள். ஒருவரின் பாட்டை மற்றவர் பயன்படுத்தக்கூடாது. மாமியின் பாட்டை மருமகள் எடுத்து ஒட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். தோல் நோயும் கூடவே வரும்.

சலரோகக் காலில் எவ்வளவு ஏற்றினாலும் தெரியவில்லை

இங்கே தயவுசெய்து ஏற்றுவதை நிறுத்துங்கள். முன்கையில் 10இல் தெரிந்தது பாதத்தில் 30இலும் தெரியவில்லை என்றால், பழுது அந்தப் பாதத்தின் நரம்பில் உள்ளது. நோவை உணராத தோல் எரிந்தாலும் சொல்லாது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் மழுங்கிய குச்சியாலும் மாறி மாறித் தொட்டு, எது எதுவென்று கேட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரியாத இடத்தில் பாட் ஒட்டக்கூடாது. சலரோக நரம்பு நோவுக்கு ரென்ஸ் உதவக்கூடும் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அது உணர்வு எஞ்சியிருக்கும் இடத்தில், கணைக்காலுக்கு மேலே, கிளினிக்கில் காட்டிக் கேட்ட பின்னர் செய்ய வேண்டியது. இப்படி ஒரு கருவி என்னிடம் வந்தபோது, கருவியைத் திருப்பிக் கொடுத்து, காலை வைத்தியரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

சிறுநீர் அவசரத்துக்குக் கணைக்காலில் ஒட்டச் சொன்னார்கள், சரிவர வருகிறதா?

நோவுக்கல்லாத பயன்களில் இது முக்கியமானது. சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் கிளம்பும் அதே முள்ளந்தண்டுப் பகுதியிலிருந்தே காலின் பின்நரம்பும் வருவதால், அதைத் தூண்டி அவசரத்தை அடக்க முயல்கிறார்கள். ஒரு பாட் உட்கணுவுக்குச் சற்றுப் பின்னே, மற்றது அதற்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மேலே. வழக்கமாக 20 ஹேர்ட்ஸ், 200 மைக்கிரோ செக்கன். சரியான இடத்தில் விழுந்தால் பெருவிரல் மெல்ல மடங்கும், அல்லது உள்ளங்காலில் கூச்சம் பரவும். இரண்டும் இல்லாவிட்டால் பாட்டை நகர்த்துங்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

கருவி உயிர்க்கவே இல்லை

கனடாவிலிருந்து வந்ததா என்று முதலில் கேட்பேன். அங்கே மின் 120 வோல்ற், இங்கே 230. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றிருந்து அதை நேரே செருகியிருந்தால் சார்ஜர் கருகியிருக்கும், முகர்ந்தாலே தெரியும். பெரும்பாலும் கருவி தப்பியிருக்கும். அதே வோல்ற்றளவும் அதே முனையும் உள்ள வேறு சார்ஜர் போதும். சார்ஜ் ஏறும்போது கருவி ஓட மறுத்தால் அதனை ஏமாற்றி ஓடவைக்கும் வழியை என்னிடம் கேட்காதீர்கள். உடலில் பாட் ஒட்டியிருக்கும்போது சுவர் மின்னுடன் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.